தராசில் ஏற்றக் கூடாத தீயணைப்பு வண்டி

வியாபாரத்தில் இரண்டு வகையான நட்டங்கள் உண்டு. ஒரு பொருளின் பெறுமதியை அறியாமல் அதை விற்பதால் வருவது முதலாவது. பெறுமதியை நன்கு அறிந்திருந்தும், அறியாதவர் போல நடந்து அதை வாங்குவதால் வருவது இரண்டாவது. முதலாவது நட்டம் கணக்குப் புத்தகத்தில் உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, கணக்குப் புத்தகத்தில் இலாபம் என்றே பதிவாகும். அதனால்தான் அது ஆபத்தானது.

இந்த வாரம் நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள் உலோகத்தால் செய்யப்பட்ட சிறிய விளையாட்டுத் தீயணைப்பு வண்டி. சிறுபிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு வியாபாரப் பக்கத்தில் என்ன வேலை என்று சகோதரர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பழைய இரும்பு, பித்தளை, பழைய வீட்டுச் சாமான்கள் வாங்கும் தொழிலில் எம்மவர்கள் கணிசமானோர் ஈடுபட்டுள்ளனர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி சில மணி நேர அவகாசத்தில் கடைகளையும் வீடுகளையும் விட்டு வெளியேற்றப்பட்ட ஒரு சமூகம் திரும்பி வந்தபோது, அதிக முதல் இல்லாமல் ஆரம்பிக்கக் கூடிய தொழிலாக இது இருந்தது. ஒரு சைக்கிள், இரண்டு சாக்கு, ஒரு தராசு. சோனகர் தெருவிலிருந்தும் பொம்மைவெளியிலிருந்தும் புறப்பட்டு வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி என்று வீடு வீடாகச் செல்லும் இந்தச் சகோதரர்களின் சாக்குக்குள் சில வேளைகளில் இந்தச் சிவப்பு வண்டியும் வந்து விழுகிறது. அது கிலோக் கணக்கில் உருக்கப்படப் போகிறதா, உரிய விலைக்குப் போகப் போகிறதா, அந்த விலையில் யாருக்கு என்ன பங்கு என்பதுதான் இக்கட்டுரையின் விடயம்.

இதற்கு முன் ஒரு பாடத்தை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் புதிய வாகனம் இல்லை, பெற்றோல் இல்லை. ஒஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிக் காலத்தைக் கடத்தின. 2002இல் ஏ9 பாதை திறந்தபோதும், யுத்தம் முடிந்து 2009இன் பின்னரும், தெற்கிலிருந்து வந்தவர்கள் அக்கார்களைத் தேடி வாங்கினார்கள். விற்றவருக்கு அது பழைய கார். வாங்கியவருக்கோ அது சேகரிப்பாளர் தேடும் பொருள். அதே கதை சிறிய அளவில் விளையாட்டுச் சாமான்களிலும் நடக்கிறது.

எங்கள் ஊருக்கு எப்படி வந்தது?

இவ்வகை வண்டிகள் துத்தநாகக் கலவையை உருக்கி, அழுத்தத்துடன் உருக்கு அச்சுக்குள் செலுத்தி வார்க்கப்படுபவை. பழையவற்றில் மூன்று பெயர்கள் முக்கியமானவை.

முதலாவது டிங்கி. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரின் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ கம்பனியின் தயாரிப்பு. டிங்கி என்ற பெயர் 1934இலிருந்து வருகிறது. 1936இல் இவர்கள் வளைந்த உடலமைப்புக் கொண்ட ஒரு தீயணைப்பு வண்டியை வெளியிட்டார்கள். 1952இல் நீளும் ஏணியுடன் 555 என்ற எண்ணில் ஒன்று வந்தது. பிறகு அதன் எண் 955 ஆக மாற்றப்பட்டது. 1958இல் சுழலும் மேடையில் உயரமான ஏணி கொண்ட 956 வந்தது. பின்ஸ் ரோட் தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது.

இரண்டாவது மெச்பொக்ஸ். 1947இல் தொடங்கப்பட்ட லெஸ்னி கம்பனி 1953இலிருந்து தீப்பெட்டி அளவான பெட்டிக்குள் அடங்கும் சிறிய வண்டிகளை விற்றது. தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுச் சாமானை மட்டுமே கொண்டுவரலாம் என்று பாடசாலையில் சொன்னதால், அக்கம்பனியின் பங்காளியான ஜெக் ஓடெல் தன் மகளுக்காக ஒரு சிறிய வீதி உருளையைச் செய்துகொடுத்ததே இதன் ஆரம்பம் என்பார்கள். இவ்வரிசையில் 9ஆம் எண் தீயணைப்பு வண்டிக்குரியது. 1955இல் டெனிஸ் வண்டி வந்தது. 1959இல் அதற்குப் பதிலாக மெரிவெதர் மார்க்விஸ் வண்டி வந்தது. டெனிஸ், மெரிவெதர் இரண்டுமே இங்கிலாந்தில் உண்மையான தீயணைப்பு வண்டிகளைச் செய்த கம்பனிகள். லெஸ்னி 1982இல் முறிந்து, ஹொங்கொங்கின் யுனிவர்சல் கம்பனியின் கைக்குப் போனது. 1997இலிருந்து மெச்பொக்ஸ் என்ற பெயர் அமெரிக்காவின் மட்டெல் கம்பனிக்கு உரியது.

மூன்றாவது கோர்கி. மெட்டோய் கம்பனி 1956இல் வேல்ஸின் சுவான்சியிலிருந்து வெளியிட்டது. யன்னல்களுக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பொருத்தியது இவர்களின் விளம்பரமாக இருந்தது. மற்றக் கம்பனிகளும் பிறகு அதைப் பின்பற்றின. 1964இல் வந்த, மடங்கி உயரும் கை கொண்ட சைமன் ஸ்நோர்க்கல் தீயணைப்பு வண்டி இவர்களின் பெயர்போன படைப்புகளில் ஒன்று. மெட்டோய் கம்பனி 1983இல் முறிந்தது.

இவை யாழ்ப்பாண வீடுகளுக்குள் வந்த விதத்தையும் வியாபாரி யோசிக்க வேண்டும். 1960களின் தொடக்கத்திலிருந்து இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1970 முதல் 1977 வரை அது உச்சத்தில் இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகே வெளிநாட்டு விளையாட்டுச் சாமான் மீண்டும் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே பழைய வீடொன்றின் பரணிலோ பெட்டகத்திலோ கிடைக்கும் ஆங்கிலேய வண்டி பெரும்பாலும் கட்டுப்பாட்டுக்கு முன் கடையில் வாங்கியதாக இருக்கும், அல்லது மலாயாவிலோ இங்கிலாந்திலோ இருந்த உறவினர் பயணப் பெட்டியில் கொண்டுவந்ததாக இருக்கும். இந்த எளிய கணக்கு, பொருளின் காலத்தை ஊகிக்க உதவும். இடப்பெயர்வுகளைக் கண்ட ஊர் என்பதால் அட்டைப் பெட்டிகள் இங்கே அநேகமாகத் தப்பவில்லை என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

தரம் பார்க்கும் முறை

முதலில் காந்தம். பழைய இரும்புக்காரர் எல்லோரிடமும் காந்தம் உண்டு. துத்தநாகக் கலவையைக் காந்தம் பிடிக்காது. சக்கரங்களை இணைக்கும் கம்பியை மட்டும் பிடிக்கும். உடல் முழுவதையும் பிடித்தால் அது தகரம். தகர விளையாட்டுச் சாமானுக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு, ஆனால் அது வேறு சந்தை. காந்தம் பிடிக்காமல் கைக்கும் இலேசாக இருந்தால் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக்.

அடுத்தது, வண்டியைப் புரட்டி அடிப்பாகத்தைப் படிப்பது. மெக்கானோ என்றிருந்தால் டிங்கி. லெஸ்னி, இங்கிலாந்தில் செய்தது என்றிருந்தால் 1982க்கு முற்பட்ட மெச்பொக்ஸ். மக்காவு, சீனா, தாய்லாந்து என்றிருந்தால் பிந்தியது. அடியில் பொறித்திருக்கும் வருடத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். பல வண்டிகளில் அது வடிவத்தைப் பதிவு செய்த வருடமே. அதே அச்சில் பல வருடங்கள் வார்த்திருப்பார்கள். எமது நாட்டுக்குப் பாவித்த ஜப்பான் சாமான்களுடன் டொமிகா வண்டிகளும் வருகின்றன. 1970இல் தொடங்கிய இந்த வரிசையில் பழையவற்றின் அடியில் ஜப்பான் என்றும், பிந்தியவற்றில் சீனா, வியட்நாம் என்றும் இருக்கும். இந்தியாவிலும் ஒரு கிளைக் கதை உண்டு. டிங்கியின் பழைய அச்சுகள் சில 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு விற்கப்பட்டு, நிக்கி என்ற பெயரில் வண்டிகள் வந்தன. வார்ப்பும் பெயின்ட்டும் சற்றுக் கரடுமுரடாக இருக்கும். அதை லிவர்பூல் டிங்கி என்று விற்பது பொய். நிக்கி என்றே சொல்லி விற்றால் அதை விரும்பி வாங்குவோரும் உண்டு.

மூன்றாவது உலோக நோய். துத்தநாகக் கலவையில் மிகச் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலும் காலப்போக்கில் உள்ளிருந்தே வெடிப்பு விடும். உலோகம் வீங்கும், வளையும், கடைசியில் தூளாகும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய டிங்கி வண்டிகளில் இது அதிகம். வெப்பமும் ஈரக் காற்றும் இதை விரைவுபடுத்தும். எமது குடாநாட்டின் காலநிலை அதற்குச் சாதகமானது. இது ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது, ஆனால் மருந்தும் கிடையாது. பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை போன்ற கோடுகள் தெரிகின்றனவா, அடித்தட்டு வில் போல வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

நான்காவது பாகங்கள். தீயணைப்பு வண்டிக்கும் சாதாரண விளையாட்டுக் காருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஏணி, மணி, குழாய்ச் சுருள், சில வண்டிகளில் தொப்பி போட்ட சிறிய மனிதர்கள் என்று கழன்று தொலையக் கூடியவை இதில் அதிகம். பிள்ளைகள் முதலில் கழற்றுவதும் ஏணியைத்தான். ஏணி இல்லாத தீயணைப்பு வண்டி, கைபிடி உடைந்த கேத்தல் மாதிரி. விலை பாதிக்கும் கீழே போகலாம். இன்று இணையத்தில் மாற்று ஏணிகள், டயர்கள், ஸ்டிக்கர்கள், ஏன், முழு அட்டைப் பெட்டிகள் கூடப் புதிதாக அச்சிட்டு விற்கப்படுகின்றன. அவற்றைப் பொருத்துவது குற்றமில்லை. பொருத்தியதை மறைப்பதுதான் குற்றம்.

ஐந்தாவது பெயின்ட். தொழிற்சாலைப் பெயின்ட்டா, பின்னர் அடித்ததா என்று அறிய அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டைப் பாருங்கள். ரிவெட்டைத் துளைத்துத் திரும்பப் பொருத்திய அடையாளமோ, ரிவெட் இருந்த இடத்தில் ஸ்குரூ ஆணியோ இருந்தால், வண்டி பிரிக்கப்பட்டிருக்கிறது. மூலைகளில் பெயின்ட் தடித்து நின்றால், எழுத்துகளின் பள்ளம் நிரம்பியிருந்தால், அதுவும் சந்தேகத்துக்குரியது. தேய்ந்த பழைய பெயின்ட், பளபளக்கும் புதிய பெயின்ட்டை விட மேலானது என்பதை எம்மவர் பலர் நம்ப மறுக்கிறார்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குவது போல இதையும் மினுக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். புளியின் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். ஈரமில்லாத மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

ஆறாவது சிறிய வித்தியாசங்கள். இங்கேதான் விலை கூடுவதும் குறைவதும் நடக்கிறது. மெச்பொக்ஸின் முதலாவது டெனிஸ் வண்டிக்கு முன்புறத்தில் பம்பர் இல்லை. பிறகு வந்ததற்குப் பம்பர் உண்டு. மெரிவெதர் வண்டியின் ஆரம்பத் தயாரிப்புகளுக்குச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சக்கரம், பிந்தியவற்றுக்குக் கறுப்புச் சக்கரம். டிங்கி 956க்கு முதலில் பெட்ஃபோர்ட் லொறியின் முன்பகுதி, பிறகு பெர்லியே லொறியின் முன்பகுதி. சாதாரண ஒருவருக்கு இரண்டும் ஒரே சிவப்பு வண்டி. சேகரிப்பவருக்கு அவை இரண்டு வெவ்வேறு பொருட்கள்.

பெறுமதி வேறு, கேட்கும் விலை வேறு

தரத்தை அறிந்த பிறகு விலைக்கு வருவோம். இங்கே எனது முதலாவது வேண்டுகோள், ஆசையைக் கட்டுப்படுத்துங்கள் என்பதே. பழைய மெச்பொக்ஸ் இலட்சக் கணக்கில் போகிறது என்று யாராவது தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார். அப்படிப் போவது மிகச் சில. அதுவும் கீறல் இல்லாமல், உரிய பெட்டியுடன், அரிதான வித்தியாசம் உள்ளவை. பிள்ளைகள் விளையாடித் தேய்ந்து, பெட்டி இல்லாமல் இருக்கும் வண்டி சாதாரண விலைக்கே போகும். பழைமை மட்டும் விலையைத் தராது. 1977இல் மெச்பொக்ஸின் பழங்கால வாகன வரிசையில் வந்த ரோல்ஸ் ரோய்ஸ் தீயணைப்பு வண்டி ஏராளமாகச் செய்யப்பட்டது, ஏராளமானோர் பெட்டியுடனேயே பத்திரப்படுத்தினார்கள். அதனால் இன்றும் அது மலிவாகக் கிடைக்கிறது. அதே வரிசையில் 1960இல் வந்த குதிரை பூட்டிய தீயணைப்பு வண்டியைப் பிள்ளைகள் விளையாடி உடைத்தார்கள். தப்பியவை குறைவு, தேடுவோர் அதிகம். சேகரிப்பதற்காகவே செய்யப்பட்டது, வரையறுக்கப்பட்ட எண்ணிக்கை என்று சான்றிதழுடன் விற்கப்படும் பொருட்களில் பெரும்பாலானவை விலை ஏறாததற்கும் இதுவே காரணம். எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருள் அரிதாவதில்லை.

இணையத்தில் விலை பார்ப்பவர்கள், விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்க வேண்டாம். கேட்பதற்கு யாரும் எதையும் கேட்கலாம். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. இங்கிலாந்தின் வெக்டிஸ் போன்ற விளையாட்டுச் சாமான் ஏல நிறுவனங்கள் ஏலம் போன விலைகளை வெளியிடுகின்றன. ஒரே பொருளுக்கு ஐந்தாறு விற்பனைகளைப் பார்த்து, மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். அதிலிருந்து ஏலக் கழிவு, தபால் செலவு, பொதி செய்யும் செலவு, நாணய மாற்று, திரும்பி வந்தால் ஏற்படும் நட்டம் ஆகியவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் யாழ்ப்பாணத்தில் உங்கள் கையிலுள்ள பொருளின் பெறுமதி. லண்டனில் போன விலையை அப்படியே ரூபாவாக்கிக் கனவு காண்பவர், வாங்கும் இடத்தில் கூடக் கொடுத்து விற்கும் இடத்தில் அழுவார்.

ஏலத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. தனது பொருளுக்குத் தானே அல்லது நண்பரைக் கொண்டு விலையை ஏற்றுவது, வாங்கும் எண்ணமில்லாமல் விலை கூறுவது ஆகியவற்றுக்கு மார்க்கத்தில் நஜ்ஷ் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் பொய்ப் பெயரில் செய்தாலும் சட்டம் ஒன்றுதான்.

தராசை நிறுத்த வேண்டிய இடம்

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஒரு வீட்டில் உடைந்த சைக்கிள், தண்ணீர் இறைக்கும் மெசினின் பழைய பாகங்கள், அலுமினியச் சட்டிகள் ஆகியவற்றுடன் ஒரு சிவப்புத் தீயணைப்பு வண்டியும் வருகிறது. வீட்டுக்காரருக்கு அதன் பெறுமதி தெரியாது. உங்களுக்குத் தெரியும். பேசாமல் கிலோக் கணக்கில் நிறுத்து எடுக்கலாமா?

ஒரு தரப்பார் சொல்வது இது: அறிவு வியாபாரியின் முதல். அதைத் தேடுவதற்கு நேரம் செலவழித்திருக்கிறான், அலைந்திருக்கிறான், பல தடவை நட்டப்பட்டிருக்கிறான். அந்த அறிவுக்குரிய இலாபத்தை எடுப்பதில் என்ன தவறு? இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. உர்வா (ரழி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னபோது, அவர் அதில் இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டு வந்து கொடுத்தார். நபியவர்கள் கண்டிக்கவில்லை. அவரது வியாபாரத்தில் பரகத் உண்டாகத் துஆச் செய்தார்கள். இது புகாரியில் வரும் செய்தி. ஆகவே ஒன்றுக்கு இரண்டாக இலாபம் வைப்பது தன்னளவில் குற்றமில்லை. விலை அறியாமல் விற்றார் என்ற ஒன்றுக்காக மட்டும் விற்பனை முறிந்துவிடாது என்பதே நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடும்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். சந்தைக்குச் சரக்குக் கொண்டு வருபவர்களை வழியிலேயே மறித்து, அவர்கள் சந்தை விலையை அறியுமுன் வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால், விற்பனையை முறிக்கும் உரிமையும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. இதில் என்ன பொய் சொல்லப்பட்டது? ஒன்றுமில்லை. விற்பவரின் அறியாமை பயன்படுத்தப்பட்டது, அவ்வளவுதான். வீட்டு வாசலில் நின்று வாங்கும் எமது தொழில், வழிமறித்து வாங்குவதற்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று ஒவ்வொருவரும் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்க வேண்டும்.

பட்டு வியாபாரியாக இருந்த இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் வரலாற்றில் இரண்டு சம்பவங்கள் எமக்குப் போதும். ஒரு பெண் பட்டுத் துணியைக் கொண்டு வந்து நூறு என்று விலை சொன்னார். இது அதை விடப் பெறுமதியானது என்றார் இமாம். அந்தப் பெண் நூறு நூறாக உயர்த்தி நானூறு வரை வந்தார். அப்போதும் இமாம், இதை விடக் கூடும் என்றார். பரிகாசம் செய்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்க, விலை மதிக்க ஒருவரை அழைத்து வரச் சொல்லி, ஐந்நூறுக்கு வாங்கினார். வாங்குபவர் விலையை உயர்த்திய வியாபாரம் இது. மற்றச் சம்பவத்தில், குறையுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்லி விற்குமாறு இமாம் தன் பங்காளியிடம் ஒப்படைத்திருந்தார். பங்காளி மறந்து, சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவரைக் கண்டுபிடிக்க முடியாததால் அந்தச் சரக்கின் பணம் முழுவதையும் இமாம் தர்மம் செய்தார். முதலாவது சம்பவம் நாம் வாங்கும்போது. இரண்டாவது, மாற்று ஏணியும் புதுப் பெயின்ட்டும் உள்ள வண்டியை நாம் விற்கும்போது.

எனது கருத்து இதுதான். கண்ணுக்குத் தெரியாமல் சாக்கோடு வந்த பொருளுக்கு ஒருவர் பொறுப்பாளி அல்ல. பழைய இரும்பு என்று நினைத்து வாங்கி, பிறகு பிரிக்கும்போது கண்டெடுத்ததை உரியவரிடம் சொல்வது சிறந்த பண்பு. ஆனால் வாசலில் நிற்கும்போதே அது பழைய இரும்பு இல்லை என்று நீங்கள் அறிந்துகொண்டால், அந்தப் பொருளுக்கு அந்தத் தராசு செல்லாது. நீங்கள் அதை உருக்கப் போவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். உருக்கப் போகும் பொருளின் விலையை அதற்குக் கொடுப்பது, வாயால் சொல்லாத பொய். “தம்பி, இது ஏதும் பெறுமதியோ?” என்று வீட்டுக்காரர் கேட்ட பிறகும் “ஒண்டுமில்லை அம்மா, பழைய தகரம்” என்று சொன்னால், அது வாயால் சொன்ன பொய்யே. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

நடைமுறையில் ஒரு வழி

இதையெல்லாம் பார்த்தால் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வழியைச் சொல்கிறேன். நான் நன்கறிந்த ஒரு சகோதரர் நல்லூர்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் வீட்டில் பழைய இரும்பு எடுக்கப் போயிருந்தார். அந்த அம்மா ஒரு சிறிய தீயணைப்பு வண்டியைக் கொண்டு வந்து, “இதையும் சேர்த்து நிறுங்கோ தம்பி” என்றார். சாம்பல் நிறச் சக்கரமுள்ள மெரிவெதர் வண்டி. ஏணியும் இருந்தது. சகோதரர், “ரீச்சர், இது கிலோவுக்குப் போற சாமான் இல்லை. நான் வித்துத் தாறன், மூண்டில ஒண்டு எனக்கு, இரண்டு பங்கு உங்களுக்கு” என்றார். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். வண்டி விற்க இரண்டு மாதம் சென்றது. வந்தது பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு அந்த ஒழுங்கையில் யாருக்குப் பழைய சாமான் கொடுக்க இருந்தாலும் அந்த ஆசிரியையின் வீட்டிலிருந்து சகோதரருக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது.

இது மார்க்கத்தில் புதிய முறை அல்ல. வகாலா என்று அழைக்கப்படும், கூலிக்குப் பிரதிநிதியாக நின்று விற்றுக் கொடுக்கும் முறைதான். இதில் வியாபாரிக்கு மூன்று நன்மைகள். முதல் போட வேண்டியதில்லை. விலை குறைந்தால் நட்டம் அவர் தலையில் விழாது. பொருளின் உண்மையான விலையை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. பங்கை முற்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும். விற்ற விலைக்குரிய ஆதாரத்தைக் காட்ட வேண்டும். தபால், ஏலச் செலவுகள் யாருடையவை என்பதையும் அந்தத் துண்டிலேயே எழுத வேண்டும். வீட்டுக்காரர் காத்திருக்க விரும்பாமல் உடனே காசு கேட்டால், செலவு கழித்த பெறுமதியில் அரைவாசிக்குக் குறையாமல் கொடுத்து வாங்கலாம் என்பது எனது அபிப்பிராயம். உதாரணமாக, செலவு போக 10,000 ரூபா மிஞ்சும் என்று நீங்கள் மதிக்கும் பொருளுக்கு 5,000 ரூபா. காத்திருப்பும் விற்காமல் போகும் ஆபத்தும் உங்களுடையவை என்பதால் மீதி உங்களுக்கு நியாயமானது. அரைவாசி என்பது மார்க்கச் சட்டம் அல்ல, ஒரு வியாபாரியின் கணக்கு. யாரும் அதை விடக் கூட்டிக் கொடுத்தால் அல்லாஹ் அவருக்கு மேலும் கொடுப்பான்.

விற்கும்போது குறைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஏணி மாற்றியது, வலது முன் டயர் புதியது, கூரையில் பெயின்ட் உதிர்ந்துள்ளது, பெட்டி இல்லை. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு மார்க்கத்தில் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் தபாலில் திருப்பி அனுப்பினால் இலாபமும் போய் முதலும் போகும். உண்மையை எழுதுவது இபாதத் மட்டுமல்ல, செலவைக் குறைக்கும் வழியும் கூட.

எமது பெயர் யார் கையில்?

கடைசியாக ஒன்று. யாழ்ப்பாணத்தில் எமது சமூகம் மீண்டும் காலூன்றுவது காணி உறுதியாலும் வீட்டுத் திட்டத்தாலும் மட்டும் நடப்பதில்லை. வெளியேற்றப்பட்டபோது பூட்டிவிட்டு வந்த கடைகளையும் விட்டுவிட்டு வந்த சாமான்களையும் நினைத்து எமது பெரியவர்கள் எவ்வளவு காலம் வேதனைப்பட்டார்கள் என்பது எமக்குத் தெரியும். தன் பொருள் பெறுமதி இல்லாமல் போகும் வேதனையை அனுபவித்த சமூகம், அடுத்தவரின் பொருளைப் பெறுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. அந்த வீட்டுக்காரரும் பெரும்பாலும் இடம்பெயர்ந்து, இழந்து, எஞ்சியதை வைத்திருப்பவர்தான். அவரது பரணில் மிஞ்சியிருக்கும் ஒரு சிவப்பு வண்டி, வெளிநாட்டில் இருக்கும் அல்லது உலகத்திலேயே இல்லாத ஒரு பிள்ளையின் விளையாட்டுச் சாமானாக இருக்கலாம். அதைக் கையில் எடுக்கும்போது எம்மவர் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அந்த வீடு மறக்காது.

வீடு வீடாகப் போகும் சகோதரர்களிடம் பொருளை எடுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, விற்று முடிந்த விலைகளைப் பார்க்கக் கூடிய ஒரு தொலைபேசி, இரட்டைப் பிரதி எழுதும் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் ஆகியவற்றை அவர்களுக்குக் கொடுங்கள். எதை நிறுக்கலாம், எதைத் தனியே வைக்க வேண்டும் என்று கற்றுக் கொடுங்கள். கண்டெடுத்ததை மறைக்காமல் சொல்பவருக்கு அவரது பங்கைக் குறைக்காமல் கொடுங்கள். மேலே இருப்பவர் நேர்மையாக இருந்தால்தான் சைக்கிளில் போகிறவரிடம் நேர்மையை எதிர்பார்க்கலாம்.

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களுக்குக் கேடு என்று அல்குர்ஆனில் ஒரு முழு அத்தியாயமே இறங்கியிருக்கிறது. தராசின் முள் சரியாக நிற்பது மட்டும் நீதியல்ல. அந்தத் தராசில் எதை ஏற்றுகிறோம் என்பதிலும் நீதி இருக்க வேண்டும். அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரகத் செய்வானாக.